ஏரிக்கரைப் பெட்டி வீடு

எங்கள் மகள் ஒன்பது நாள் உயிரோடிருந்தாள். ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். எல்லாம் முடிந்து நானும் என் மனைவியும் ஆட்டோவில் பெங்களூர் ஈஜிபுராவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். மெட்ரோ வேலைக்காக எங்கெங்கே ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்று ஆட்டோக்காரர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு "ம்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை.

மூன்றாவது மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான் எங்கள் வீடு. பக்கத்துப் போர்ஷனில் ஆறு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தக் குழந்தை அழும்போதெல்லாம் என் மனைவியின் ரவிக்கை நனைந்துவிடும். எழுந்து போய் வேறு ரவிக்கை போட்டுக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்காருவாள். ஒரு நாள் மாடிக் கொடியில் அவளுடைய ரவிக்கைகள் மட்டும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். இனி இந்த வீட்டில் இவளை வைத்திருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் ஏசி மெக்கானிக். நான் சர்வீஸ் செய்யும் வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரர், ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் மரத்தாலான நான்கு கேபின்கள் போட்டு, சனி ஞாயிறுகளில் ஐடி கம்பெனிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். "புருஷன் பொண்டாட்டியா ரெண்டு பேரு வேணும்பா. ரிப்பேரெல்லாம் நீ பாத்துக்கோ. ரூமுங்கள உன் ஒய்ஃப் பாத்துக்கட்டும். ஒரு கேபின்ல நீங்க தங்கிக்கோங்க. ரொம்ப அமைதியான எடம்" என்றார். அமைதி என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அங்கேயே சரி என்றேன். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

பெங்களூர் அங்கே முடிந்துவிட்டதா இன்னும் இருக்கிறதா என்று சொல்ல முடியாத ஊர் அது. ஒரு பக்கம் ராகி வயல், மறுபக்கம் பாதி கட்டி நிறுத்திய அபார்ட்மெண்ட். நடுவில் ஏரி. ஏரியை ஒட்டி ஒரே தெரு. டீக்கடை, சலூன், மருந்துக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் அதில்தான். கன்னடமும் தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே வாக்கியத்தில் வரும்.

அமைதி மட்டும் அங்கே இல்லவே இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. குழாயில் தண்ணீர் விடும் நேரத்தைச் சொல்வதற்காக வைத்தது. அதை இயக்கும் தண்ணீர்க்காரர், தண்ணீரோடு நிறுத்தமாட்டார். யாருடைய ஆடு யார் தோட்டத்தில் மேய்கிறது, யாருக்குப் பார்சல் வந்திருக்கிறது, யார் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, எல்லாவற்றையும் மூக்கால் இழுத்த குரலில் சொல்லிவிடுவார். நகரத்துக்குப் போகும் காலை பஸ், வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறும்வரை கிளம்பாது. "டீச்சர் இன்னும் பரல்லே, இரிங்க" என்று கண்டக்டர் சொன்னால், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் முதற்கொண்டு டீச்சருக்காகக் காத்திருப்பார்கள்.

இன்னொரு பழக்கம் எனக்கு முதல் நாளே எரிச்சலைத் தந்தது. அந்த ஊரில் யாரும் யாரிடமும் உதவி கேட்பதில்லை. கையில் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். சலூன்காரர் தெருவில் போன என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "ஆணி அடிக்கணும், புடி" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் ஷட்டரின் ஒரு முனையைக் காட்டி, "தூக்குண்ணா" என்றார். எங்கள் கேபின்களை அவர்கள் கேபின் என்று சொல்வதில்லை. "பெட்டி மனை" என்பார்கள். பெட்டி மாதிரி இருக்கும் வீடாம். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்டக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பெட்டிக்கு வந்திருக்கீங்க?" என்பதுதான். என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். கடையை நடத்துகிற அக்கா கிருஷ்ணகிரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷமாகிறது. எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டார். "ஊட்டா ஆச்சா, சாப்டாச்சா? நம்மூரு பக்கமா நீங்க? கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்?" என்று கேட்டுக்கொண்டே டீயை நீட்டினார். அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரிந்தது. தடுக்க நேரமில்லை.

"எத்தினி பசங்க தங்கச்சி?"

அவள் டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். ஓடவில்லை, அழவில்லை. நடந்து போனாள், அவ்வளவுதான். நான் பின்னாலேயே போய் அவளைக் கேபினில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"என் பொண்டாட்டிகிட்ட இனிமே யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது! கொழந்த போயி ஒரு மாசந்தான் ஆவுது. அவகிட்ட யாரும் பேசவே வேணாம். புரியுதா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது" என்றார். நான் நிற்கவில்லை.

கடையிலிருந்து கேபினுக்குப் பத்து நிமிஷ நடை. நான் சலூனைத் தாண்டும்போதே சலூன்காரர் எழுந்து நின்றார். அவருக்கு எப்படியோ அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொன்னதை அவர்கள் அப்படியே செய்தார்கள். அவள் தெருவில் வந்தால் பேச்சு நின்றுவிடும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் விலகி வழிவிடுவார்கள். டீக்கடை அக்கா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். யாரும் அவள் கையில் எதையும் கொடுத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. நல்ல வேலை செய்தேன் என்றுகூட நினைத்தேன். ஊரே சேர்ந்து அவளைச் சுற்றி இன்னொரு கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டது என்பதும், அதைச் செய்யச் சொன்னவன் நான்தான் என்பதும் எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரமும் அவள் அறைகளைக் கூட்டினாள், படுக்கைகளைத் தட்டிப் போட்டாள், எனக்குச் சமைத்துப் போட்டாள். மீதி நேரம் கேபின் வாசலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். பால் நின்றுவிட்டது. ரவிக்கைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பம்பு பற்றி, கீசர் பற்றி, விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போன பொருள்களைப் பற்றி. சில சமயம் என் பேச்சு எனக்கே சகிக்காமல் பம்பு அறைக்குள் போய் நின்று, மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டு வருவேன்.

ஒரு சனிக்கிழமை காலை மூன்றாவது கேபினில் கீசர் வேலை செய்யவில்லை என்றார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு எங்கள் கேபினுக்குத் திரும்பியபோது மணி பத்து இருக்கும். கதவு திறந்து கிடந்தது. எனக்கு ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை படிந்திருந்தது. பாத்ரூமில் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தேன். பிறகு முன்பக்கம் வந்தேன். தண்ணீரின் ஓரத்தில் அவளுடைய செருப்புகள் இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, கோவில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காக.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஏரி நடுவில் நாணல் திட்டிலிருந்து கொக்குகள் எழும்பின. தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு போனதும் காலுக்குக் கீழே சேறு வழுக்கியது. எனக்கு நீச்சல் தெரியாது. அப்படியே நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீர் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. திரும்பி ஏறி, ஈரத்தோடு தெருவுக்கு ஓடினேன்.

டீக்கடை முன்னால் போய் நின்றேன். "தண்ணி... செருப்பு..." என்றேன். அக்காவுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. அடுப்பை அணைக்காமல் வெளியே வந்து, பஞ்சாயத்து மாடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். ஒரு நிமிஷத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பெட்டி மனை அம்மாவைக் காணோம், எல்லோரும் ஏரிக்கு வாருங்கள் என்று தண்ணீர்க்காரர் கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை சொன்னார். அந்த மூக்குக் குரல் நடுங்கியது.

கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பாதி முகம் சோப்போடு ஒருவர். மருந்துக்கடைக்காரர் ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மீன் பிடிக்கிற அண்ணன் தம்பி இருவர் பரிசலை இறக்கினார்கள். என்னையும் ஏறச் சொல்லி, ஒரு மூங்கில் கழியைக் கையில் கொடுத்தார்கள்.

"குத்தாதேண்ணா. மெல்ல எறக்கு. ஏதாச்சும் மெத்துனு பட்டா சொல்லு" என்றார் மூத்தவர்.

அந்த வாக்கியத்தை நான் எந்தக் காலத்திலும் மறக்கப்போவதில்லை. கழியை இறக்குவேன். சேறு. மறுபடி இறக்குவேன். சேறு. ஆகாயத்தாமரை வேர் ஒன்று கழியைப் பற்றிக்கொண்டது. அதை உருவி எடுத்து, வேர்தானா என்று கையால் தடவிப் பார்த்தேன். கரையில் நூறு பேர் இருப்பார்கள். கேபின்களில் தங்கியிருந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு பெண், விருந்தாளிகளுக்காக நாங்கள் வைத்திருந்த ஆரஞ்சு நிற ரப்பர் படகை எடுத்துக்கொண்டு நாணல் பக்கமாகத் தனியாகத் துடுப்புப் போட்டுத் தேடினாள். நான் மனதுக்குள் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் என்னோடு பேசவே வேண்டாம். கடைசிவரை "ம்" மட்டும் சொன்னால் போதும்.

ஐந்தாவது இடத்தில் கழி எதிலோ தட்டியது. சேறு இல்லை. நான் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இளையவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். அவர் மேலே வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. பச்சை நிறம், ஒரு கால் இல்லை.

"ஐயோ, அது நம்ம மேரேஜ் ஹால் சேர்!" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஹால் சேருங்கெல்லாம் செவப்பு. அது பஞ்சாயத்து சேரு."

"பஞ்சாயத்துல எப்போ பச்சை சேரு இருந்துச்சு?"

உண்மையாகவே அதைப் பற்றி மூன்று பேர் வாதாடினார்கள். அந்த நேரத்தில் அந்த ஊரை நான் வெறுத்ததுபோல வாழ்க்கையில் எதையும் வெறுத்ததில்லை. நாற்காலியை அவர்கள்மேல் எறிய வேண்டும்போல இருந்தது. அப்புறம் அக்காவின் குரல் கேட்டது. "வாய மூடுங்கடா!" என்று ஒரே அதட்டல். சத்தம் அடங்கியது. நான் கழியை மறுபடி இறக்கினேன்.

அப்போதுதான் கண்டக்டர் விசில் ஊதினார். அவர் எப்போது பஸ்ஸின் கூரைமேல் ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. ஏரியின் எதிர்க்கரையைக் கைகாட்டி, விடாமல் விசிலை ஊதிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து பார்வையை மறைத்த நாணல் திட்டைப் பரிசல் தாண்டியிருந்ததால் எனக்கும் தெரிந்தது. எதிர்க்கரையின் புல் சரிவில் வெள்ளை வெள்ளையாகப் படுக்கை விரிப்புகள் விரித்துக் கிடந்தன. அவற்றின் நடுவில் இரண்டு பெண்கள். ஒருத்தி கட்டியிருந்தது பழுப்புச் சேலை. அது என் மனைவியின் சேலை.

"சிக்கிட்டாங்க! சிக்கிட்டாங்க!" என்று ஒலிபெருக்கி அலறியது. கிடைத்துவிட்டார்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

பரிசல் கரை சேர்வதற்குள் நான் குதித்து, மதகு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் பாதி ஊர் ஓடிவந்தது.

அவளோடு இருந்தது துணி வெளுக்கிற அம்மா. கேபின்களின் படுக்கை விரிப்புகளை வாராவாரம் எடுத்துப்போய் வெளுத்துக் கொண்டுவருகிறவர். ஐம்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, பெரிய தோள்கள். அவருக்குக் காது கேட்காது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும். அதனால் அவருக்கு ஒலிபெருக்கியும் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் நான் டீக்கடையில் போட்ட கட்டளையும் அவர்வரை போய்ச் சேரவில்லை. ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து, "ஏனு, ஏரியில மீனு புடிக்கிறாங்களா? எனக்கும் ரெண்டு எடுத்து வையி" என்றார்.

நான் என் மனைவியின் முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தன. சேலையில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"நான் தண்ணிக்குள்ள போனேங்க" என்றாள்.

ஏழு வாரத்துக்குப் பிறகு கேட்ட குரல். கரகரப்பாக, வேறு யாருடைய குரலோபோல இருந்தது.

"முட்டி வரைக்கும் போயிட்டேன். இவங்க அந்தப் பக்கம் கல்லுல தொவைச்சிட்டு இருந்தாங்க. ஏய் பொண்ணே, இங்க வா, இத்த புடின்னு கூப்புட்டாங்க. பெட்ஷீட்டு. பிழியறதுக்கு ரெண்டு பேரு வேணுமாம், இவங்க ஓரகத்தி இன்னிக்கு வரலையாம்."

"அப்புறம்?"

"புடிச்சேன். ஒரு பக்கம் இவங்க முறுக்குனாங்க, ஒரு பக்கம் நானு. நடுவுல விட்டுட்டுப் போலாம்னுதான் இருந்துச்சு." சற்று நேரம் விரிப்புகளைப் பார்த்தாள். "விட்டா மண்ணாயிடும்ல. மறுபடி மொதல்லேர்ந்து தொவைக்கணும்."

ஒரு விரிப்பு முடிந்ததும் இன்னொன்றை நீட்டியிருக்கிறார். அப்புறம் இன்னொன்று. எல்லாம் முடிந்ததும் ஈர மூட்டையில் ஒன்றை அவள் தலையில் ஏற்றி, காயப்போட எதிர்க்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய்விட்டார். போகும் வழியில், எத்தனை குழந்தைகள் என்றும் கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள். ஒன்பது நாளையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லாததையெல்லாம், முதல் நாள் விரலைப் பிடித்துக்கொண்டது, ஏழாவது நாள் தும்மியது, எல்லாவற்றையும்.

"இவங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியல. தலைய ஆட்டிக்கிட்டே வந்தாங்க" என்றாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள். துணி வெளுக்கிற அம்மா அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "அடிச்சியா?" என்று அதட்டினார். டீக்கடை அக்கா அவரை இழுத்து, காதருகே வாயை வைத்து எதையோ கத்தினார். அந்த அம்மாவின் முகம் மாறியது. என்னைத் தள்ளிவிட்டு, என் மனைவியை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. திங்கட்கிழமை அவளை நகரத்துக்கு அழைத்துப்போய் மனநல டாக்டரிடம் காட்டினேன். குழந்தை பிறந்த பிறகு இப்படி வருவதுண்டு, துக்கமும் சேர்ந்துகொண்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். என்னைத்தான் பார்த்துச் சொன்னார். மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார், வாரத்துக்கு ஒரு நாள் வந்து பேசவும் சொன்னார். திங்கட்கிழமைகளில் நாங்கள் ஏறும்வரை பஸ் நிற்கும். அவள் குளிக்கவே மறுத்த ஒரு நாளில், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு அது நாற்பது நிமிஷம் நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை.

டீக்கடை அக்காவிடம் போய், "கேளுங்கக்கா. எல்லாரையும் கேக்கச் சொல்லுங்க" என்றேன். அக்கா என்னை முறைத்தார். "நீ சொல்லிட்டு போயிட்டே. எங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? வாய கட்டிக்கிட்டு இருக்கறது லேசா?" என்றார். அடுத்த வாரமே என் மனைவிக்கு இஞ்சியை இடித்துக்கொடுக்கும் வேலை கொடுத்துவிட்டார்.

இப்போதும் அந்த ஊரில்தான் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் அவள் விரிப்புகளைப் பிழியப் போகிறாள். சில சமயம் சிரிக்கிறாள். பக்கத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தில் அவளைத் தனியாக விட எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. வேறு ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றாள்.

போன வாரம், நான்கு நாள் மழைக்குப் பிறகு, ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு முடியலங்க."

"சரி. நான் இங்கயே இருக்கேன்."

"பம்பு ரிப்பேர்னு சொன்னீங்கல்ல. போயி பாருங்க. நான் எங்கயும் போவல." போர்வையை விலக்காமலே, "கதவ மட்டும் தொறந்து வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

கதவைத் திறந்து வைத்தேன். காற்றில் மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். பிறகு பம்பு மோட்டாரைக் கழற்றி வெளியே தூக்கிக்கொண்டு வந்து, அந்தக் கதவு தெரிகிற இடமாகப் பார்த்து, ஈரத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து வேலை பார்த்தேன்.